முதல் வெள்ளி ரீசார்ஜ்

— சார்ஜு ஃபுல்லா கீது, டவரு கோடு நாலும் கீது. அப்பால இன்னாத்துக்கு அடிக்க மாட்டேங்குது? மெஸ்ஸுக்காரன் மூணு நாளா போன் போட்டானாம், வஞ்சிரம் வோணும்னு. இப்ப மார்க்கெட்ல கண்டு கத்திட்டுப் போறான். தொறந்து பாரு தவ்ஃபீக்கு.

— தொறக்க ஒண்ணுமில்ல வியாகுலக்கா. ரீசார்ஜு பேக்கு முடிஞ்சி போச்சி.

— எப்டி முடியும்? மாசாமாசம் மொதோ வெள்ளி பூசை முடிஞ்சி நேரா உன் கடைக்குத்தானே வரேன்? இன்னிக்கும் வந்துட்டேன். ஒரு மாசம் தப்புனேனா, சொல்லு.

— நீ தப்பலக்கா. கம்பெனிக்காரனுக்கு மாசம்னா இருபத்தெட்டு நாளு. போன மொதோ வெள்ளிக்கும் இதுக்கும் நடுவுல அஞ்சு வாரம் வந்துச்சி, எண்ணிப் பாரு. ஏழு நாளா உன் போனு செத்துக் கெடக்குது.

— இதுக்கு மின்னாடி அஞ்சு வாரம் வந்ததே இல்லியா? அப்பல்லாம் அடிச்சிதே.

— அப்போ முடிஞ்சாலும் பத்து நாளைக்கி வர்ற போனை உட்டு வச்சிருந்தான். இப்போ அதையும் புடுங்கிக்கினான். முடிஞ்ச அன்னிக்கே வெட்டு.

— என்னாண்ட யாரு சொன்னா?

— மெசேஜு உட்டுகீறான் பாரு. பதினோரு மெசேஜு. அல்லாம் இங்கிலீஸு.

— சிம்மு விக்கச்சொல்லோ மட்டும் காசிமேட்டுல குடை போட்டு உக்காந்து தமிழ்ல கூவுனானே! நீ யாருக்கும் போட வோணாம்மா, சும்மா வச்சிரு, வர்ற போனு ஆயுசுக்கும் வரும்னான்.

— கீழ எறும்பு சைஸுல நிபந்தனைன்னு போட்டிருப்பான். ஆயுசு எத்தினி நாளுன்னும் அவன்தான் சொல்லுவான். பேஜாரு புடிச்சவனுங்க.

— நீயாச்சும் சொல்லக்கூடாதா?

— நீ வர்ற, காசு குடுக்குற, ஆஸ்பத்திரிக்கு ஓடுற. நான் எங்கக்கா நாளு எண்ணிக்கினு இருந்தேன்? சரி, போட்டுட்டேன், இனிமே வரும். மெஸ்ஸுக்காரனுக்குப் போட்டுக் குடுக்கவா?

— மெஸ்ஸுக்காரன் போனா போறான் நைனா. நம்ம ஷெர்லினு... மூணு வருசமா பேரு குடுத்துட்டு உக்காந்துகினு கீறோம். கிட்னி கெடைச்சா போன் வரும், உடனே பொண்ண இட்டாரணும், எடுக்கலன்னா அடுத்த ஆளுக்குப் பூடும்னு சொல்லிகீறாங்கோ. கக்கூஸுக்குக்கூட இந்தப் போனை எடுத்துக்கினு போறேன். இதுலயே ஆஸ்பத்திரிக்குப் போட்டுக் குடு. இந்த ஏழு நாள்ல கூப்ட்டாங்களான்னு கேளு. மாதாவே, கூப்ட்டிருக்கக் கூடாது.

— இரு, ஸ்பீக்கர்ல போடுறேன். ஹலோ, மேடம்? ராயபுரத்துலேந்து பேசுறோம். வியாகுலம்மாள் பொண்ணு ஷெர்லின், டயாலிசிஸ் பண்றாங்களே, கிட்னிக்குப் பேரு குடுத்துகீறாங்க...

— ஷெர்லினா? ஏங்க, செவ்வாய்க்கிழமை காலையில எங்க போயிட்டீங்க? எத்தனை தடவை கூப்பிட்டோம்! அம்மா நம்பர் போகவே இல்ல. பதினொரு மணி வரைக்கும் பார்த்தோம். அதுக்கு மேல எங்களால வைக்க முடியாதுங்க. அடுத்து இருந்தவருக்குக் கொடுத்துட்டோம்.

— அம்மா, நான்தாம்மா, அவ அம்மா பேசுறேன். போனு கையிலயேதாம்மா இருந்துது. ஏழு நாளும் கையிலயேதாம்மா இருந்துது...

— புரியுதும்மா. பேரு லிஸ்ட்லதான் இருக்கு, எடுக்கல. ஆனா அடுத்தது எப்ப வரும்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? நாங்க உங்க ஒரு நம்பரோட விடலையே. நீங்க கொடுத்த ரெண்டாவது நம்பருக்கும் நாலு தடவை போட்டோம். ரிங் போச்சு. நாலு தடவையும் கட் பண்ணிட்டாங்க. சரி வைக்கிறேன்மா, டாக்டர் கூப்பிடறார்.

— ரெண்டாவது நம்பரா... தவ்ஃபீக்கு, இன்னொரு நம்பரு கேட்டாங்கோ, வூட்ல ஏது வேற போனு? நீ எப்பவும் கடையிலயே கீறன்னு உன் நம்பரைத்தான் குடுத்தேன். உன்னாண்ட சொல்லவே மறந்துட்டேன் நைனா. செவ்வாக்கெழம எதுனா போன் வந்துச்சா?

— வந்துச்சிக்கா. எதோ கம்பெனிக்காரன் பிளானு விக்கத்தான் கூப்புட்றான்னு, நாலு தடவையும் நான்தான் கட் பண்ணேன்.