நீங்கள் சொன்னதில் பாதி

எனக்குக் காலைப் பார்த்தே அளவு சொல்லத் தெரியும், சிஸ்டர். நீங்கள் போட்டிருக்கும் செருப்பு உங்களுக்கு ஒரு அளவு சின்னது. குதிகால் பின்னால் வெளியே நிற்கிறது. நாள் முழுக்க நிற்கிற வேலை உங்களுக்கு, மாற்றிக்கொள்வது நல்லது.

பேச்சை மாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். நான் செருப்புக் கடையிலேயே நரைத்தவன். வருகிறவர்கள் வாயால் நன்றாக இருக்கிறது என்பார்கள், முகம் வேறு சொல்லும். கடிக்கிறதா இல்லையா என்பது புருவத்தில் தெரிந்துவிடும். கூட வேலை பார்க்கிற நெட்டையன், "அண்ணன் ஊரான் காலைப் புடிச்சே முன்னுக்கு வந்தவரு" என்று கிண்டல் செய்வான். அதனால், என் மனைவிக்கு வலித்தது எனக்குத் தெரியாது என்று உங்களிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் நானே நம்ப மாட்டேன்.

எங்கள் வீட்டில் வெளியே பேசுவது எப்போதும் நான்தான். பள்ளிக்கூடமோ மின்சார அலுவலகமோ, எங்கே போனாலும் அவள் வாசலில் நிற்பாள், நான் உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்வேன். யாரும் வைத்த சட்டம் இல்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை அப்படி நடந்தது, பிறகு அதுவே பழகிப்போனது. நான் சொல்வதை அவள் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை.

அவளுக்குக் கருப்பை வாயில் புற்றுநோய் என்று வந்தபோதும் அப்படித்தான். டாக்டர் சொன்னதையெல்லாம் நான்தான் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். பயமுறுத்தாமல் சொன்னேன். கதிர்வீச்சு வைத்தியம் நடந்த நாட்களில் அவளுக்குச் சாப்பாடு ஊட்டினேன், வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவினேன். அந்தக் கணவனும் நான்தான் என்பதை நீங்கள் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வைத்தியம் முடிந்த பிறகு எங்கள் இரண்டு பேரையும் இந்த அறைக்குத்தான் கூப்பிட்டீர்கள். இதே மேசை, இதே பச்சைத் திரை. எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று வெளியே இருந்த பெண் காதோடு சொன்னதுமே என் மனைவி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நீங்களே கேட்டுட்டு வாங்க. கதிருக்குப் பொழச்சவ வெக்கத்துக்குச் செத்தான்னு ஆயிரும்" என்றாள்.

நான் சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். அவள் எங்கே என்று கேட்டீர்கள். கூச்சப்படுகிறாள், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். நீங்களும் சரி என்றீர்கள். நீங்கள் எழுந்து போய் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்னது ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. கதிர் பட்ட இடம் வறண்டுபோகும், மெல்ல மெல்லச் சுருங்கும், ஒட்டிக்கொள்ளவும் பார்க்கும் என்றீர்கள். ஒரு பெட்டியைத் திறந்து, வழவழப்பான குழாய் மாதிரிக் கருவிகளைச் சின்னதிலிருந்து பெரிது வரை வரிசையாகக் காட்டினீர்கள். அவளே, தனியாக, வழுக்கும் களிம்பு தடவி, அவசரமில்லாமல் பழக வேண்டும், சின்னது சுலபமான பிறகுதான் அடுத்தது என்றீர்கள். கணவன் மனைவியாகச் சேர்வது அதற்குப் பிறகு, அவளுக்கு விருப்பம் வரும்போது. கடைசியாகச் சொன்னீர்கள்: "வலிச்சா நிறுத்திடணும். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கக் கூடாது. ஒரு தடவை பொறுத்தா அடுத்த தடவை உடம்பே பயந்து இறுகிக்கும்."

நான் தலையாட்டினேன். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் என்ன சொன்னாங்க என்று கேட்டாள். எல்லாம் நல்லபடியா இருக்காம், உடம்பைப் பார்த்துக்கச் சொன்னாங்க என்றேன். நீங்கள் கொடுத்தனுப்பிய பெட்டி பைக்குள் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கடைக்கு எடுத்துப் போனேன். எங்கள் கிடங்கில் மேல் தட்டு ஒன்று உண்டு. ஜோடி தொலைந்த ஒற்றைச் செருப்புகளை அதில் போட்டுவைப்போம், யாரும் தொட மாட்டார்கள். அங்கே வைத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். முதல் காரணம் வெட்கம்தான். அந்தப் பெட்டியை என் மனைவி கையில் கொடுத்து, இது இதற்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பெண்களின் காலைத் தொட்டு அளவெடுத்தே பிழைத்தவன், என் வீட்டுப் பெண்ணின் உடம்பைப் பற்றி ஒரு வாக்கியம் பேச முடியாமல் நின்றேன். அதோடு இன்னொன்றும் இருந்தது. அந்தக் குழாயைப் பார்த்தபோது, நான் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு பொருளை வைத்துவிட்ட மாதிரி பட்டது. சின்ன புத்திதான். அப்போது அது சின்னதாகத் தெரியவில்லை.

கொஞ்ச நாள் பொறுத்தேன். உண்மையாகவே பொறுத்தேன். அவள் முகத்தில் நிறம் திரும்பியது, தலைமுடி வாரும்போது பழையபடி ஏதோ முணுமுணுத்தாள். ஒருநாள் நான் நெருங்கினேன், அவளும் விலகவில்லை. ஆனால் முடியவில்லை. என் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். நிறுத்திவிட்டேன். அந்த முதல் தடவை நிறுத்தினேன்.

"முடியலங்க. கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கு. இதைப் பத்தி சிஸ்டர் ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். பெட்டி கடையில்தான் இருந்தது, மறுநாள் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாளே என்று தோன்றியது. கேட்டிருக்க மாட்டாள் என்று இப்போது தெரிகிறது. அவள் எதைக் கேட்டிருக்கிறாள்? கடையில் தினமும் சொல்கிற வார்த்தைதான் வாயில் வந்தது. ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், பழகப் பழகச் சரியாயிடும் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் மேலும் சொன்னேன். இதை விட்டால் உள்ளே மூடிக்கொள்ளும், மூடிக்கொண்டால் டாக்டரால் சோதிக்க முடியாது, நோய் திரும்பி வந்தாலும் யாருக்கும் தெரியாது, அதனால் வலித்தாலும் விடக் கூடாது என்று சிஸ்டரே சொன்னார்கள் என்றேன்.

நீங்கள் சொன்னதில் பாதி அதில் இருக்கிறது. மூடிக்கொள்ளும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தப் பாதியை வைத்துத்தான் இத்தனை மாதம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவள் அதை வைத்தியம் என்றே சொன்னாள். மாத்திரையை மறக்காத மாதிரி அதையும் மறக்கவில்லை. நான் கடையிலிருந்து அலுத்து வந்து படுத்தால், "இந்த வாரம் வைத்தியம் பண்ணலையே" என்று அவளே நினைவுபடுத்துவாள். சொல்லும்போது அவள் கைவிரல்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருக்கும். விளக்கை அணைக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தது நான். அவள் கூச்சப்படுகிறாள் என்று சொல்லிக்கொண்டேன். முகத்தைப் பார்த்தால் நிறுத்த வேண்டியிருக்கும் என்பதுதான் நிஜம்.

அவள் சத்தம் போட்டதில்லை. துணி மடிக்கும்போது தலையணை உறையின் ஓரம் பல் பட்டுக் கிழிந்திருப்பதைப் பார்த்தேன். புது உறைகள் வாங்கி வந்தேன், கொஞ்சம் கெட்டித் துணியாக. பூப்போட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

ஒருநாள் அவள் தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்ததை அவள் கவனிக்கவில்லை. "அவருக்கும் இதுல என்னடி சுகம் இருக்கு? எனக்காகத்தான் கஷ்டப்படுறாரு. வேற ஆம்பளையா இருந்தா விட்டுட்டுப் போயிருப்பான்" என்றாள். என் கொழுந்தியாள் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் புகழ்ந்திருக்க வேண்டும். இவள் ஆமா ஆமா என்றாள். நான் ஈரத் துண்டோடு திரும்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கூசிப்போனேன், சிஸ்டர். தரையில் பள்ளம் இருந்தால் இறங்கியிருப்பேன். ஆனால் அந்தக் கூச்சத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. என்னை நல்லவன் என்று சொல்கிறாள் என்ற நிம்மதி. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரே ஒரு தடவை கேட்டாள். காய்ச்சல் வந்து எழுந்திருந்த சமயம்.

"இந்த மாசம் மட்டும் விட்டுரலாமா?"

"உன் இஷ்டம். நாளைக்குத் திரும்ப வந்துச்சுன்னா என்னைக் கேக்காதே."

கோபமாகச் சொல்லவில்லை. நிதானமாகத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளே எழுந்துபோய் விளக்கை அணைத்தாள். நான் கையைப் பிடித்து இழுத்ததில்லை, ஒரு நாளும் அடித்ததில்லை. வேண்டாம் என்று அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. வர முடியாதபடி நான் செய்துவிட்டேன், அவ்வளவுதான்.

இன்றைக்கு டாக்டர் சோதித்தபோது உள்ளே கிழிந்து ஆறி, மறுபடி கிழிந்த தழும்புகள் இருப்பதாகச் சொன்னீர்கள். எப்படி என்று கேட்டதற்கு, ஒரு வாரம் கூட விடாமல் வைத்தியம் பண்ணினோம் என்று அவள் பெருமையாகச் சொன்னாளாம். நீங்கள் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். வலிக்கும் என்று தெரிந்து செய்தேன். நிறுத்தலாம் என்று தெரிந்து செய்தேன். சாவுக்குப் பயந்தவளிடம் சாவைக் காட்டிச் சம்மதம் வாங்கினேன். பெட்டி இன்னும் அங்கேயே இருக்கிறது, யாரும் தொடாமல். நாளைக்கே கொண்டுவந்து தந்துவிடுகிறேன். இனி அவள் பக்கத்தில் போக மாட்டேன். நீங்கள் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

அவளை உள்ளே கூப்பிடப் போகிறீர்கள் இல்லையா. நானே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள் என்றீர்கள். அது நியாயம்தான். இந்தத் தடவை வாசலில் நிற்க மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டதாகவும் சொன்னீர்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு சின்ன உதவி மட்டும் கேட்கிறேன். வைத்திய முறை இப்போது மாறிவிட்டது, முன்பு அப்படிச் சொன்னோம், இனி இப்படி என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள். எனக்காகக் கேட்கவில்லை, சிஸ்டர். உண்மை தெரிந்தால் அவளுக்கு ரொம்ப வலிக்கும்.