இரும்பு படாத உடம்பு

தேத்தண்ணீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் புவான். சீனி இல்லாத தே ஓ கோசோங் கேட்டேன், அலுத்துக்கொள்ளாமல் வாங்கிவரச் சொன்னீர்கள். எனக்கு இனிப்பு நீர். பல வருடமாக இருக்கிறது. வாயைக் கட்டி, வேளை தவறாமல் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால் அது பாட்டுக்கு இருக்கும். சொன்ன பேச்சைக் கேட்கிற வியாதிதான்.

என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். தேன்மொழியை நேற்றிலிருந்து உள்ளே வைத்திருக்கிறீர்கள், பெற்ற பிள்ளைக்கு மருந்து கொடுக்காமல் சாகவிட்டாள் என்று. அவளைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். நல்ல பெண், புவான். விடியும் முன்பே பாலம் கடந்து சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போகிறவள். புருஷன் விட்டுப் போன பிறகு அவளுக்கு லோஷினி ஒருத்திதான். ஒன்பது வயது. அந்தப் பிள்ளைக்கும் இனிப்பு நீர். என்னுடையது மாதிரி இல்லை. ஊசி இல்லாவிட்டால் உயிரே தங்காத வகை. வயிறு, தொடை என்று மாற்றி மாற்றிக் குத்தி, குத்த இடமில்லாமல் போயிருந்தது.

நான் தம்போயில் டயர் கடையில் வேலை பார்க்கிறேன். கடைக்குப் பின்னால் இருக்கும் மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் எனக்குச் சாமி வரும். ஜனங்கள் வரிசையில் நின்று வாக்குக் கேட்பார்கள். வேலை கிடைக்குமா, மகன் குடியை விடுவானா, இந்த மாதிரி. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும். ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தால் பாதிப் பேருக்கு முகம் தெளிந்துவிடும். அதில் என்ன கெடுதல்?

தேன்மொழி அப்படிக் கேட்கவில்லை. கையெடுத்துக் கும்பிடக்கூட இல்லை. பிள்ளையின் சட்டையைத் தூக்கி, கன்றிப்போன வயிற்றைக் காட்டினாள்.

“எம்புள்ள என்னா தப்பு செஞ்சிச்சு? நான் செஞ்சதுக்கா? அப்படின்னா என்னையக் குத்து. நீ நல்ல சாமிதானே, பாத்துக்கிட்டு சும்மா ஏன் இருக்க?”

உருமி அடித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் அம்மனைப் பார்த்தேன். அவள் சும்மாத்தான் இருந்தாள்.

எனக்குத் தெரியாது என்று மனிதன் சொல்லலாம், புவான். சாமி சொல்ல முடியுமா? சொல்லியிருந்தால் அவளுக்கு இருந்த ஒரே பிடியும் போயிருக்கும். அவள் நின்ற கோலத்தைப் பார்த்து என் மனசு கேட்கவில்லை. அதனால் பதில் சொன்னேன்.

தீமிதிக்குக் காப்புக் கட்டுகிற சமயம் அது. எங்கள் கோயிலில் காப்புக் கட்டியவர்கள் சவரம் செய்ய மாட்டார்கள், நகம் வெட்ட மாட்டார்கள். உடம்பில் இரும்பு படக் கூடாது என்பது முறை. அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

“ஒம்மகளுக்குக் காப்புக் கட்டி பால்கொடம் எடுக்க வையி. காப்பு எறங்குற வரைக்கும் அந்த ஒடம்புல இரும்பு படக் கூடாது. எம்புள்ளைய நான் பாத்துக்கிறேன்.”

ஊசி என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. ஊசியும் இரும்புதான் என்பது வேறு விஷயம்.

தேன்மொழி தரையில் விழுந்து அழுதாள். பூஜை முடிந்ததும் பிள்ளை என்னிடம் ஓடிவந்து, “இனிமே குத்த மாட்டாங்களா மாமா?” என்று கேட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்பை எந்த டாக்டரும் அதற்குக் கொடுத்ததில்லை.

காப்புக் கட்டிய மறுநாள் மத்தியானம் தேன்மொழி கடைக்கு வந்தாள். நான் ஒரு வேனுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

“மனோகர் அண்ணே, சாமி இரும்பு படக் கூடாதுன்னு சொன்னிச்சே, ஊசியும் சேத்தா? டாக்டரு ஒருவேளகூட விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பயமா இருக்குண்ணே.”

சாமியாடி எவனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சாமி மலையேறிய பிறகு எதுவும் ஞாபகம் இல்லை என்பான். அப்படித்தான் சொல்ல வேண்டும். ஞாபகம் இருக்கிறது என்றால் பேசியது சாமி இல்லை என்று ஆகிவிடும். நானும் முறைப்படியே சொன்னேன்.

“சாமி என்னா சொன்னிச்சின்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நான்தான் அங்க இல்லியே.”

அவள் தலையில் தட்டிக்கொண்டாள். பிறகு, “ஆமாலா, ஒங்களப் போயி கேக்குறேன் பாருங்க,” என்று சிரித்துவிட்டுப் போனாள். நான் மிச்ச டயர்களையும் மாற்றி முடித்தேன்.

எனக்கும் காப்புக் கட்டியிருந்தது. என் ஊசியை நான் விடவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொள்வேன். நான் படுத்துவிட்டால் திருவிழாவை யார் நடத்துவது? பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே.

மூன்றாம் நாள் சாயங்காலப் பூஜைக்குத் தேன்மொழி லோஷினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக் குடித்து, குடித்ததை வாந்தி எடுத்தது. உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கியது. மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. இனிப்பு நீர்க்காரனுக்கு அது என்னவென்று தெரியும். கிளினிக்கில் படம் போட்டே சொல்லித் தருகிறார்கள். என் இன்சுலின் கோயில் அறையில் தொங்கிய பையில் இருந்தது. ஆஸ்பத்திரியும் தூரமில்லை.

தேன்மொழி என் முகத்தையே பார்த்தாள். சுற்றிலும் ஜனங்கள் நின்றார்கள். நான் பிள்ளைக்குத் திருநீறு பூசி, “விரதக் களைப்பும்மா, படுக்க வையி,” என்றேன்.

பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டது. “வலிச்சாலும் பரவால்ல மாமா, ஊசி போட்டுக்கிறேன்,” என்றது.

விரலை மெதுவாக விடுவித்துக்கொண்டேன். அடுத்த ஆளுக்குத் திருநீறு கொடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பிள்ளை போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை தேன்மொழி மறுபடியும் என் முன்னால் வந்து நின்றாள். இந்தத் தடவை கேள்வி வேறு. “மொத நாளு பயந்துக்கிட்டு ஒரே ஒரு ஊசி போட்டுட்டேன். அதுக்குத்தான் எடுத்துக்கிட்டியா?” என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காரணமே இல்லாமல் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி எப்படி உயிரோடு இருப்பாள்? அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு காரணம் வேண்டும். “வெரதம் கலஞ்சிருச்சு மகளே,” என்றேன். இரக்கத்தில் சொன்னதுதான், புவான். அதன் பிறகுதான் அவள் தானாகவே உங்களிடம் வந்து, பிள்ளையைக் கொன்றது நான்தான் என்றிருக்கிறாள்.

அது தப்பு. அவளை விட்டுவிடுங்கள். எனக்கு ஒரே ஒரு தடவை சாமி வந்தது, இளவயதில், பொந்தியான் பக்கம் ஒரு எஸ்டேட் கோயிலில். வந்தது என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். அதற்குப் பிறகு வரவே இல்லை. எவ்வளவோ அழுது கூப்பிட்டுப் பார்த்தேன். ஜனங்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். அம்மன் பேசவில்லை, அதனால் நான் பேசினேன். அன்று சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ‘நான் பாத்துக்கிறேன்’ என்றதில் இருந்த நான், இந்த மனோகரன்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பேச்சுவாக்கில் ஊசி போடும் வேளை ஆகிவிட்டது. என் பையைக் கொஞ்சம் எடுத்துவரச் சொல்லுங்கள். வேளை தப்பினால் எனக்குத் தலை சுற்றும்.

அது வரும்வரை ஒன்று கேட்கிறேன். எல்லாம் அம்மன் கண் முன்னால்தான் நடந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவள் பேசியிருந்தால் என்னைத் தடுத்திருக்கலாம். அவளுக்காக இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். மனசறிந்து யாருக்கும் ஒரு கெடுதல் நினைத்ததில்லை. ஒரு பாவமும் அறியாத என்னை இப்படிக் கஷ்டப்பட விட்டு ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறாள், புவான்?