நீலக் கயிறு

ஹெல்மெட் வாங்க வருகிறவர்கள் முதலில் கண்ணாடியைத்தான் தேடுவார்கள். தலைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை, முகத்துக்குப் பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார்கள். உட்காருங்கள் மேடம், அந்த ஸ்டூல் ஆடாது. மரம் ஏறுகிற சாமான் விற்கிற கடையில் ஆடுகிற ஸ்டூலைப் போட்டு வைத்தால் யார் நம்பி வருவார்கள்?

என் தங்கை வீட்டுக்காரர் எப்படி விழுந்தார் என்றுதானே கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

அப்பா போன பிறகு கடை எனக்கு, வீடு தங்கைக்கு என்று பிரித்துக்கொண்டோம். வீட்டுக்குப் பின்னால் நிற்கிற பெரிய மரமும் வீட்டோடு அவளுக்குப் போய்விட்டது. எனக்கு அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. மரம் ஏறுகிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம், ஞாயிறு காலையில் அதில்தான் ஏறுவோம். கயிற்றைக் கிளையில் நேராகப் போடமாட்டோம்; பட்டை தேயாமலிருக்க ஓர் உறையைப் போட்டு அதற்குள் விடுவோம். இத்தனை வருஷமாக ஏறுகிறோம், ஒரு கீறல் கிடையாது.

மாப்பிள்ளை பல் டாக்டர். நல்ல மனுஷன், வாய்தான் சும்மா இருக்காது. நான் சரக்கெடுக்க வெளியூர் போயிருந்த சமயம் எங்கிருந்தோ இரும்பு முள் வாங்கி, இரண்டு காலிலும் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். பட்டுப்போன மரத்தை வெட்டுகிறவர்கள் கட்டுகிற முள் அது. உயிரோடிருக்கிற மரத்தில் யாரும் அதை வைத்துக் குத்தமாட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் அடியிலிருந்து கிளை பிரிகிற இடம் வரைக்கும் ஓட்டை. ஒவ்வொன்றிலிருந்தும் பால் வடிந்து காய்ந்திருந்தது.

"என்னக்கா, மூஞ்சி இப்படிப் போயிடுச்சு? நான் தினம் பத்துப் பேருக்கு ட்ரில் போடறேன், ஒருத்தரும் செத்ததில்ல" என்றார்.

நான் ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தேன்.

"ஓட்டைதானே, கவலைப்படாதீங்க. கிளினிக்லேருந்து சிமெண்ட் கொண்டு வந்து நானே அடைச்சு விட்டுடறேன்."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கோபப்படுகிற சுபாவம் எனக்குக் கிடையாது. கோபம் வந்தால் கை நடுங்கும்; எங்கள் வேலைக்கு அது ஆகாது.

அவரும் மோசமில்லை. அடுத்த வாரமே கடைக்கு வந்து, "அக்கா, அந்த முள்ளைத் தூக்கிப் போட்டுட்டேன். முறையா ஏறணும். எல்லாம் நீங்களே பார்த்து எடுத்துக் குடுங்க" என்றார். சொந்தக்காரராயிற்றே என்று ஏனோதானோவென்று எடுத்துக் கொடுக்கவில்லை. இடுப்பு பெல்ட் மூன்று மாற்றிப் பார்த்தேன். தொடையில் வெட்டாமல் உட்காருகிறதா என்று கட்டித் தொங்கவிட்டே பார்த்தேன். "பொண்ணுக்கு நகை எடுக்கிற மாதிரி எடுக்கறீங்களேக்கா" என்று கேலி செய்தார். தானாகப் பூட்டிக்கொள்கிற கொக்கி, கெட்டியான பெரிய கயிறு, உறை. உறையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. இருப்பதிலேயே மிருதுவானது.

மிச்சம் சின்னக் கயிறு. பெரிய கயிற்றைச் சுற்றி அதால் ஒரு முடிச்சுப் போடுவோம். முடிச்சு இறுகினால் ஆள் நிற்பார், தளர்த்தினால் இறங்குவார். ஆளுடைய கனம் முழுக்க அந்த முடிச்சில்தான். இறங்கும்போது உரசிச் சூடேறும் என்பதால் சூடு தாங்குகிற கயிறு வேண்டும். அது என்னிடம் பழுப்பு நிறத்தில்தான் இருந்தது. மாப்பிள்ளை பக்கத்துத் தட்டிலிருந்த நீலக் கயிற்றை எடுத்தார். கூடாரம் கட்டுகிற கயிறு அது.

"இது சட்டைக்கு மேட்ச்சா இருக்கே. இது போதுமாக்கா?"

"உங்களுக்கு எடுப்பா இருக்கு மாப்பிள்ளை" என்றேன். பொய் இல்லை. எடுப்பாகத்தான் இருந்தது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிறவருடைய சாமான் ஒவ்வொன்றையும் வேறொருவர் தொட்டுப் பார்த்து, வாய்விட்டுச் "சரி" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கால் தரையை விட்டுக் கிளம்பும். அந்த வார்த்தை என் வாயிலிருந்து சுலபத்தில் வராது. ஷூ நாடா தளர்ந்திருந்தது என்று ஒரு பேங்க் மேனேஜரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனாலேயே நான் சரி சொன்னால் வேறு யாரும் மறுபடி பார்க்கமாட்டார்கள். அது அவர்களுடைய தப்பு. எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அந்த ஞாயிறு நான் எல்லாவற்றையும் தொட்டேன். பெல்ட், கொக்கி, ஹெல்மெட் வார், நீல முடிச்சு.

"என்னக்கா, பாஸா ஃபெயிலா?" என்றார்.

"சரி" என்றேன்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை, ஏறும்போது சூடேறாது. உச்சிக்குப் போய்க் கையாட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேலிருந்து சர்ரென்று இறங்கி வந்து தங்கையை அசத்த நினைத்தார். பாதி வழியில் முடிச்சு உருகிவிட்டது. உருகும் என்று எனக்குத் தெரியும். கடையில் அவர் அதைக் கையில் எடுத்தபோதே தெரியும். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் கயிற்றைத் தேர்ந்தெடுத்தது அவர் என்பதையும் கூடவே எழுதுங்கள். ஹெல்மெட் நல்ல ஹெல்மெட், தலையில் ஒரு காயம் கிடையாது. கழுத்துக்கு யாரும் சாமான் செய்வதில்லை.

எல்லோரும் அவரிடம் ஓடினார்கள். நான் மேலே கிளையைப் பார்த்தேன். உறை போட்ட இடத்தில் பட்டை நலுங்கவே இல்லை.

ஒரு கவலைதான். தங்கை, "என் புருஷனைக் கொன்ன மரம் எனக்கு வேண்டாம், வெட்டிப் போடப்போறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். துக்கத்தில் பேசுகிறாள், பாவம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு உயரம் என்றால் பயம். அந்த மரத்தில் ஒருநாளும் ஏறியதில்லை. ஒரு தடவை மேலே போய் உட்கார்ந்து பார்த்தால் வெட்ட மனசு வராது. இந்த விசாரணையெல்லாம் முடியட்டும் என்று காத்திருக்கிறேன். அவள் இடுப்புக்கு ஒரு பெல்ட் எடுத்து வைத்துவிட்டேன், அவளுக்குச் சரி சொல்லவும் நான் இருக்கிறேன். மற்றதை அவளே வந்து பார்த்து எடுக்கட்டும். அவளுக்கும் நீலம்தான் பிடிக்கும்.