மூடி போட்ட பிறகும் வந்த கோடு

"ஹலோ… ஹலோ, அக்கா? அப்பாடா, எடுத்தியே! ஏழாவது தடவை அடிக்கிறேன்… சரி, சரி, மேடம். மேடம்தான். ஆபரேட்டர் பேசறேன் மேடம்… பக்கத்துல யாராவது இருக்காங்களா?… அதுக்கில்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. மலை உச்சியில், தொலைநோக்கிக்குக் கீழே உள்ள கருவி அறையில், கதவு இடுக்கில் போனையும் காதையும் ஒட்டவைத்துக்கொண்டு அவன் குந்தியிருந்தான். அந்த அறையில் வேறெங்கும் சிக்னல் கிடையாது. பகல் மணி இரண்டே கால். மூன்று மணிக்குக் கீழே நகரத்துப் பெரிய அரங்கில், பத்திரிகைக்காரர்கள் முன்னால், அக்கா தன் கண்டுபிடிப்பை அறிவிக்கப் போகிறாள்.

ஆபரேட்டர் என்றால் வானியலாளர்கள் கேட்கிற இடத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பி, விடிய விடிய அங்கேயே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்பவன். ராத்திரியெல்லாம் விழித்திருப்பவன் என்பதால் மலையில் எல்லோரும் அவனை ஆந்தை என்பார்கள். அந்த வேலைக்குச் சிபாரிசுக் கையெழுத்துப் போட்டது வானியலாளரான அக்காதான். வேலை நேரத்தில் அக்கா என்று கூப்பிடக் கூடாது என்பது அவள் போட்ட முதல் சட்டம். ஒன்பது வருடத்தில் அதை அவன் ஒருநாளும் முழுசாகக் காப்பாற்றியதில்லை.

"ஒண்ணுமில்ல, கதவு மூடிக்கிச்சு… கருவி அறைக் கதவு… ஆமா, நான் உள்ளதான் இருக்கேன்… திறக்க வரல. கைப்பிடி கையோட வந்துடுச்சு… இன்னிக்குத்தான்… சரி, கொஞ்ச நாளாவே ஆடிக்கிட்டிருந்துச்சு… எழுதிக் கொடுத்திருக்கலாம்தான். அது வந்து… மறந்துட்டேன்."

எப்படி எழுதிக் கொடுப்பான்? உள்பக்கக் கைப்பிடி ஆடுகிறது என்று எழுதினால், உனக்கு உள்ளே என்ன வேலை என்று கேட்பார்கள். வேலை நடக்கிற நேரத்தில் அந்த அறைக்குள் ஈ காக்கை நுழையக் கூடாது. தொலைநோக்கியில் விழும் ஒளி, தலைமுடி மாதிரி மெல்லிய ஃபைபர்கள் வழியாக அங்கே இறங்கி, கருவிக்குள் போய் நிறம் நிறமாகப் பிரியும். ஆள் மூச்சுச் சூடுகூட ஆகாது.

"இன்ஜினியரையா? வேணாம், வேணாம்! அவரை எழுப்பாதே… ராத்திரி முழிச்சவங்க எல்லாருக்கும் இங்க இப்பதான் நடுச்சாமம், மலையே குறட்டை விடுது… ஏன் வேணாம்னா… வேணாம்னா வேணாம்க்கா… மேடம்… என்ன, மேக்கப்பா? உனக்கா? சரி, போட்டுக்கோ… இல்ல, வைக்காதே! போனை வைக்காதே! கதவு கிடக்கு விடு. நான் கதவுக்காகக் கூப்பிடல."

சொல்லிவிட்டான். இனி முழுங்க முடியாது.

"அந்தக் கோடு இருக்குல்ல… உன் கோடுதான். எழுநூத்து மூணு புள்ளி ரெண்டு நானோமீட்டர்… ஆமா, ஆமா, அதேதான்."

ஹைட்ரஜன் விடும் ஒரு ஒளி உண்டு; நிறம் பிரித்துப் பார்த்தால் ஒற்றைக் கோடாகத் தெரியும். கிளம்பும்போது அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. வரும் வழியில் பிரபஞ்சம் விரிய விரிய, அதுவும் இழுபட்டு நீண்டு சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். இதைத்தான் செம்பெயர்ச்சி என்கிறார்கள். எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அவ்வளவு தொலைவு, அவ்வளவு பழங்காலம். இப்படி வெவ்வேறு காலத்து விண்மீன் மண்டலங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவை எப்படிப் பிறந்து, எப்படி வளர்ந்தன என்று தெரியும். அக்கா பதினோரு வருடமாகச் செய்வது இந்த வேலையைத்தான்.

போன மாதம் ஐந்து ராத்திரி பார்த்ததில் அவள் கையில் ஒன்று சிக்கியது. அதன் ஒளி ஏறக்குறைய ஆறு மடங்கு நீண்டிருந்தது. பிரபஞ்சமே சின்னப் பிள்ளையாக இருந்த காலத்து ஒளி. அந்தக் காலத்து மண்டலங்கள் துண்டும் துணுக்குமாக, ஒன்றையொன்று விழுங்கி வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். இதுவோ கொழுத்து, அடங்கி, வயசாகி உட்கார்ந்திருந்தது. தொட்டில் பிள்ளைக்கு நரைத்த மீசை முளைத்த மாதிரி. பாடப் புத்தகத்தையே திருத்த வேண்டும் என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதினார்கள். ஆனால் அவ்வளவுக்கும் ஆதாரம் அந்த ஒற்றைக் கோடுதான். அது பொய் என்றால், அவள் பிடித்தது பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு சாதாரணக் கிழட்டு மண்டலம்.

"காலையில உன் போஸ்டரை இங்க ஒட்டினாங்க. அதுல அந்த நம்பரைப் பார்த்ததும் எனக்கு சுருக்குன்னுச்சு… ஏன்னா, தினமும் சாயங்காலம் நியான் விளக்கைப் போட்டு கருவியைச் சரிபாக்கறது யாரு? நான்தானே. நியானோட கோடு ஒண்ணு அச்சா அங்கதான் நிக்கும்… உனக்கும் தெரியுமா?… ஆமா, அந்த விளக்கை அணைச்சுட்டுத்தான் வேலையை ஆரம்பிப்போம்… அணைஞ்சுதான் இருந்துச்சுக்கா, நான் அதைச் சொல்லல… பகல்ல நீ எடுத்த இருட்டுப் படத்துல கோடு இல்ல, ஒத்துக்கறேன்… கேளேன்! கொஞ்சம் என்னைப் பேச விடேன்!"

கத்திய பிறகு அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது. அக்காவிடம் அவன் குரலை உயர்த்தியதே இல்லை.

"இன்னிக்கு மத்தியானம் தொலைநோக்கியோட மூடியை மூடிட்டு ஒரு படம் எடுத்தேன். பத்து நிமிஷம். வானத்துலேர்ந்து ஒரு துளி வெளிச்சம் வர வழியில்ல… கோடு வந்துச்சுக்கா… ஆமா… நாற்பத்தொண்ணாம் ஃபைபர்ல. உன் கேலக்ஸியோட ஃபைபர்ல… ஹலோ?… இருக்கியா?… அந்த ஃபைபரோட உறை ஒரு இடத்துல கிழிஞ்சிருக்கு. அது மேல ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சாஞ்சிருக்கு. சுவிட்சுல சின்னதா ஒரு சிவப்பு பல்பு எரியுமே, மிளகு சைஸுல… ம். நியான்தான்… சுவிட்சைப் போட்டா கோடு வருது, அணைச்சா இல்ல; பகல்ல நீ படம் எடுத்தப்ப அது அணைஞ்சிருந்துச்சு. அதைப் பிடுங்கத்தான் மறுபடி உள்ள வந்தேன், கதவு சாத்திக்கிச்சு."

அந்தப் பக்கம் யாரோ கூப்பிடுவதும், அக்கா ஒரு நிமிஷம் என்பதுபோல் எதையோ தட்டுவதும் கேட்டது.

"யாரோட பாக்ஸா?… என்னோடது."

இனி வரப்போகும் கேள்வி அவனுக்குத் தெரியும். கருவிப் பெட்டிக்குப் பின்னால் சுருட்டி வைத்த பாயும் தலையணையும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. தொலைநோக்கி ஒரு இடத்தைப் பிடித்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு அதைத் தொடர்ந்து தானாகவே நகரும். மேலே கட்டுப்பாட்டு அறையில் எலும்பு வரைக்கும் குளிர். இங்கேயோ கதகதப்பு, இருட்டு, சத்தமே இல்லை. நான்கு வருடமாக ஆந்தை இங்கேதான் கூடு கட்டியிருக்கிறது. எழுப்பிவிடப் போனில் அலாரம். அந்தக் கிழட்டுப் போன் சார்ஜில் இருந்தால்தான் விடியும்வரை உயிரோடு இருக்கும். அதற்குத்தான் அந்தப் பாக்ஸ்.

"போன் சார்ஜ் பண்ணத்தான்… எப்பவாவது… இல்லக்கா, ராத்திரிக்கு அஞ்சு நிமிஷம். சத்தியமா அஞ்சே நிமிஷம். போடுவேன், எடுத்துக்கிட்டு மேல போயிடுவேன்…"

திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டான். திட்டு வரவில்லை. காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் வந்தது.

"என்ன கணக்கு போடறே?… ஆமா, அஞ்சுதான்… அஞ்சு மணி நேரப் படத்துல அஞ்சு நிமிஷம்னா… அறுபதுல ஒரு பங்கு… சரி… அந்தச் சின்ன பல்பு அவ்வளவு பிரகாசமான கோட்டைப் போட முடியாதா?… அப்ப மீதி?… மீதி நிஜமான கோடா?… ஓ… ரெண்டும் ஒரே இடத்துல விழுந்துடுச்சா… அப்படியும் நடக்குமா…"

அக்கா சிரித்தாள். மூச்சுத் திணறி மீண்டவள் மாதிரி ஒரு சிரிப்பு. அதைக் கேட்டு அவனும் சிரித்துவிட்டான்.

"ம்… ம்… பாக்ஸை எடுத்துடறேன்… யாருக்கும் சொல்லல… சரிக்கா… நல்லபடியா பேசு…"

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டால் போதும். அவன் வேலையும் தப்பும், அவள் மேடையும் தப்பும். அப்படி நினைத்துக்கொண்டு பத்து விநாடி நிம்மதியாக இருந்தான். அந்தப் பத்து விநாடிக்காகவே தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விட்ட ஒரு புளுகு, இல்லாத ஒரு மண்டலத்தைத் தூக்கி நிறுத்திவிட்டதே! அந்தப் புளுகைக் கணக்கில் எழுதிக்கொண்டுதான் அக்கா இப்போது மேடைக்குக் கிளம்புகிறாள்.

"அக்கா! நில்லு! போகாதே!… அஞ்சு நிமிஷம் இல்ல… அஞ்சு நிமிஷம் இல்லக்கா… ராத்திரி பூரா… நாலு ராத்திரியும், பூரா… ஆமா, பொய்தான் சொன்னேன்… நான் இங்கதான் இருப்பேன். உள்ள. விடியற வரைக்கும்… எதுக்குன்னு கேக்காதே… உனக்குப் புரிஞ்சிருக்கும்… நாலு வருஷமா."

சின்ன வயசில் அவன் பரீட்சைத் தாளில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு மாட்டியபோது, அவள் இப்படித்தான் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். அஞ்சாவது ராத்திரி கோடு வரல, ஞாபகமிருக்கா? மெல்லிசா மேகம்னு நோட்டுல எழுதினியே… அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், லீவு போட்டிருந்தேன். மேகம் இல்லக்கா. நான்தான் இல்ல."

பேனா எங்கோ விழுந்து உருண்டது.

"அக்கா… ஏதாவது பேசேன். திட்டேன்… என்னது?… இப்ப அறிவிச்சுட்டு, அடுத்த மாசம் மெதுவா திருத்தம்னு ஒரு வரி… யாருக்கும் தெரியாதுதான்… பாக்ஸை நான் கொளுத்திடலாம்தான்… எனக்கும் ஆசையாத்தான் இருக்கு, ஏன் இல்ல. எனக்கு இந்த வேலையை விட்டா என்ன தெரியும்?… ஆனா இன்னிக்கு ராத்திரியே நாலு நாட்டுக்காரங்க தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்புவாங்க. கோடு இருக்காது. நேரா எங்க வருவாங்க? இங்கதான். அக்கா அறிவிச்சா, தம்பி பல்பைப் போட்டான், ரெண்டும் கூட்டுக் களவாணின்னு சொல்லுவாங்க. என்னைச் சொல்லட்டும், நான் அதுக்குத் தகுதியானவன்தான். உன்னைச் சொல்லக் கூடாது… தெரியும், கையெழுத்து நீ போட்டது… தெரியும்க்கா… அழறியா? மை கலைஞ்சுடும், அழாதே."

பதினோரு வருட உழைப்பு. ஒரு மிளகு சைஸ் பல்பு.

"சரி… சரி… நீ போய்ச் சொல்லிடு. வாபஸ்னு சொல்லு, காரணம் கேட்டா… என்ன?… நானா? நான் எதுக்கு? வேணாம்… படம் எடுத்தவன்தான் சொல்லணுமா? நீ சொன்னா நம்ப மாட்டாங்களா?… சும்மா எதையோ கேட்டுட்டு நீ பின்வாங்கறதா நினைப்பாங்க… ம்… ம்… அதுவும் சரிதான்… நம்ம ஆய்வகத்து இயக்குநர் அங்கேயே இருக்காரா? அவர் முன்னாடியா?… சரி. போடு. ஸ்பீக்கர்ல போடு."

நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு கதவு. அப்புறம் திடீரென்று பெரிய இடத்தின் இரைச்சல், கைதட்டல். கைதட்டல் அவளுக்கு. அது ஓயும்வரை அவள் காத்திருந்தது தெரிந்தது. மைக் ஒருமுறை கீச்சென்றது. அக்கா பேச ஆரம்பித்தாள். நான்கைந்து வாக்கியம்தான், குரல் ஆடவே இல்லை. அரங்கில் இருமல்கூட நின்றுவிட்டது.

"அக்கா… மெதுவா, அக்கா… தம்பின்னு சொல்லாதே. ஆபரேட்டர்னு சொல்லு, போதும். கேக்குதா? தம்பின்னு மட்டும்… அய்யோ. சொல்லிட்டியா."

அவன் எழுந்து நின்றான். எழுந்தால் சிக்னல் போய்விடும் என்று ஞாபகம் வந்து மறுபடி குந்தினான்.

"வணக்கம்… வணக்கம் சார். கேக்குது சார்… ஆமா சார், இன்னிக்குத்தான். மூடி மூடியிருந்துச்சு. நானே மூடினேன்… பத்து நிமிஷப் படம், ஃபைல் கம்ப்யூட்டர்ல இருக்கு, யாரும் பாக்கலாம்… இல்ல சார், மேடத்துக்குத் தெரியாது. இப்ப அரை மணிக்கு முன்னாடிதான் சொன்னேன்… பல்பு என்னோடது… ஆமா சார், அவங்க தம்பிதான்… ராத்திரி பூரா எரிஞ்சுது சார். நாலு ராத்திரியும்… ஆபரேட்டர் மேல கட்டுப்பாட்டு அறையிலதான் இருக்கணும். தெரியும் சார்… உள்ள என்ன பண்ணிக்கிட்டிருந்தேனா?"

நான்கு வருடமாக அவன் தயாராக வைத்திருந்த பதில்கள் வரிசையாக வந்து நின்றன. எலி சத்தம் கேட்டது, வெப்பநிலை பார்க்கப் போனேன், ஃபியூஸ் போயிருந்தது. எல்லாமே பத்து நிமிஷக் காரணங்கள். ராத்திரி முழுவதற்கும் போதுமான காரணம் ஒன்றுதான் இருந்தது.

"தூங்கிக்கிட்டிருந்தேன் சார்."

அரங்கில் ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். பிறகு அரங்கமே சிரித்தது.

"அக்கா?… அக்கா, இருக்கியா?… ஹலோ?"

சிரிப்பு அடங்குவதற்குள் லைன் துண்டிக்கப்பட்டது. துண்டித்தது இயக்குநரா, அக்காவா என்று அவனுக்குத் தெரியவில்லை.