மேப்பிள் கட்டையில் ஒரு கறுத்த கீறு

"அந்த ரம்பம் எனக்கு வேணும் பெரியம்மா."

வாசில் பெரியப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம். வெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோஸ் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மார்லிஸ் ஹுடாக் வாயைத் திறந்து இதைக் கேட்டாள். கேட்கவே கூடாது என்று அவளுடைய அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். "வீட்டக் கேளு, வண்டியக் கேளு, எதையாவது கேட்டுத் தொலை. உங்க பெரியப்பா ரம்பத்த மட்டும் கேக்காத."

அம்மா மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தாள்.

இது என்னோடு படித்த தெக்லாவின் அக்கா மார்லிஸுக்கு நடந்தது. நான் ஒன்றும் ஜோடிக்கவில்லை. வெளியே ஐஸ் மழை. கம்பியெல்லாம் அறுந்து கிடக்கிறது. விடியும்வரை கரண்ட் வராது. மாதா கோயிலில் வெள்ளிக்கிழமை விற்பனைக்கு இன்னும் இரண்டு தட்டு கொழுக்கட்டை பாக்கி. கை பாட்டுக்கு மாவை மடிக்கட்டும், காது இங்கே இருக்கட்டும். டார்லீன், மெழுகுவத்தியை மோவாய்க்குக் கீழே பிடிக்காதே. அது இல்லாமலே நீ பயமாகத்தான் இருக்கிறாய்.

வாசிலின் மகன் மைரன்தான் முதலில் சிரித்தான்.

"காலேஜு படிச்சவளுக்கு ரம்பம் எதுக்கு? பட்டத்த வெட்டி ஃபிரேம் போடவா?"

"உனக்கு எதுக்கு? இரும்புக் கடைக்குத்தானே தூக்கிப் போடப் போற?"

"எங்கப்பா உன்ன பட்டறைப் படியில இறங்கவே விடலயே, மறந்துட்டியா? பொம்பளக் கை பட்டா ரம்பம் கோணிக்கும்னு சொல்வாரு."

அது உண்மை. சின்ன வயதில் அவள், பட்டறை இருந்த நிலவறைப் படியின் மேல்கட்டில் நின்றுதான் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் கீழ்ப்படிவரை இறங்கிவிட்டாள். வாசில் மோட்டாரை அணைத்துவிட்டு, பல் வட்டம், அதாவது ரம்பத்தின் வட்டத் தகடு, சுற்றி ஓயும்வரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பழைய ரம்பம்... ஓய வெகுநேரம் ஆகும். அந்த நேரம் முழுக்கப் பார்த்தார்.

வாசிலின் மனைவி ஓல்கா பெரியம்மா இப்போது மார்லிஸின் கையைப் பார்த்தாள். இடது கையை. பெரியம்மாவின் இடது கை வழக்கம்போல ஏப்ரன் பைக்குள் இருந்தது. அதில் கட்டைவிரல் கிடையாது. கறி அரைக்கிற மெஷினில் போய்விட்டது என்று ஊருக்கே தெரியும். தெக்லா ஒன்று சொல்வாள்: அந்த வீட்டில் கறி அரைக்கிற மெஷினே இருந்ததில்லை.

"எடுத்துட்டுப் போ," என்றாள் பெரியம்மா. "இன்னிக்கே. இருட்டறதுக்குள்ள."

சாயங்காலம் ஐந்து மணி. பிப்ரவரி. ஆற்றங்கரையிலிருந்து பழைய சுரங்கத்துக்கு ஏறுகிற சாலை. அந்த நேரத்தில் அங்கே ஈ காக்கை கிடையாது. பிக்கப்பின் பின்னால் ரம்பம்... தார்ப்பாய் போர்த்தி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பின்பக்கம் ஓர் இரும்புத் தூண். தூணிலிருந்து மேசைக்கு மேலே நீளும் ஓர் இரும்புக் கை. அந்தக் கையில் மோட்டாரும் பல் வட்டமும் தொங்கும், உருளைகளில் முன்னும் பின்னும் ஓடும். மரம் அசையாது, ரம்பம்தான் நம்மை நோக்கி வரும். நாம் இழுக்கிறோம் என்று நினைப்போம். பல் சுற்றுகிற திசை அப்படி... மரத்தைக் கவ்வி ஏறிக்கொண்டு அதுவாகவே வரும். அதைப் பின்னுக்குத் தள்ளிப் பிடிப்பதுதான் வேலையே.

மோட்டார் அந்த இரும்புக் கையில் நகராமல் இருக்க, பூட்டுத் திருகை அவளே இறுக்கியிருந்தாள். முதல் வளைவில் பின்னாலிருந்து சத்தம்... க்ர்ர்ர்... டக்.

இறங்கிப் பார்த்தாள். திருகு இறுக்கமாகத்தான் இருந்தது. மோட்டார் இரும்புக் கையின் நுனிக்கு வந்து நின்றிருந்தது. பின்னுக்குத் தள்ளி, இன்னும் இறுக்கி, ஏறி உட்கார்ந்தாள்.

அடுத்த வளைவு. க்ர்ர்ர்... டக்.

வண்டிக்குள் ஒரு நெடி. மூட்டுவலித் தைலம் மாதிரி குளிர்ந்து மூக்கில் ஏறுகிற நெடி. வாசில் கடைவாயில் எப்போதும் அடக்கியிருந்த புகையிலையின் வாசனை அது. மார்லிஸ் கண்ணாடியை இறக்கிவிட்டாள். பனிக்காற்று முகத்தில் அறைந்தது. நெடி போகவில்லை.

"நான் அங்கயே தள்ளிவிட்டுட்டு வந்திருப்பேன்," என்கிறாள் டார்லீன். நீ தள்ளிவிட்டிருப்பாய், டார்லீன். உனக்கு வேறு வேலை இருந்தது. மார்லிஸுக்கு அந்த ரம்பத்தை விட்டால் வேறு வழி இல்லை. ஊர் நூலகத்துக்குப் புத்தக அலமாரி செய்கிற வேலை. அவள் பட்டறைக்கு வந்த முதல் பெரிய வேலை. ஒவ்வொரு பலகையும் பக்கப்பலகையில் வெட்டிய காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், போய் உட்கார வேண்டும். அத்தனை காடியும் ஒரே ஆழம், சரியான செங்கோணம். கோடைக்குள் முடியாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போகும். அதற்குப் பிறகு இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு யார் மரவேலை தருவார்கள்? ஊரே அவளுடைய விரலை எண்ணிக்கொண்டுதான் இருந்தது.

மூடிக்கிடந்த டயர் கடை ஒன்றுதான் அவள் பட்டறை. ரம்பத்தை இறக்கி, தூணை நான்கு போல்ட்டில் இறுக்கினாள். இரும்புக் கையின் தடத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தாள். உருளைகளைக் கழற்றிக் கழுவினாள். அது தானாக முன்னால் வரக் கூடாது என்று இரும்புக் கையின் நுனியை இம்மியளவு தூக்கி வைத்தாள். பல் பின்னுக்குச் சாய்ந்த புது வட்டம் வாங்கி மாட்டினாள். பழைய மேசைப் பலகையைப் பெயர்த்து எறிந்துவிட்டு, புது பிளைவுட் போட்டாள்.

பழைய ரம்பம் வாங்குகிறவர்கள் மேசையைப் புதிதாகப் போடுவார்கள், மரம் சாய்ந்து நிற்கிற தடுப்புக் கட்டையையும் புதிதாகப் போடுவார்கள். இரண்டையும். எங்கள் பக்கத்துத் தச்சர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பழைய ஆளின் வெட்டுத்தடம் அதில் இருக்கும். புது ஆளின் கணக்குக்கு அது ஒத்துவராது.

மார்லிஸ் தடுப்புக் கட்டையை மாற்றவில்லை.

நல்ல மேப்பிள் அது. நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. இப்படி ஒரு கட்டை இனி எங்கே கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாள். அதில் பழைய வெட்டுகள் நிறைய. ஒன்று மட்டும் தனியாக, இடது ஓரத்தில், பல் வட்டம் போகவே முடியாத இடத்தில்... உள்ளே கறுத்துப்போய் இருந்தது. எண்ணெய் என்று நினைத்தாள்.

கடைசியாக மேசையில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு இடது பக்கம் கை இருக்கலாம். வலது பக்கம் ரம்பத்துக்கு. ஒவ்வொருவரும் தன் கைக்குத் தானே போடுகிற கோடு அது.

முதல் வெட்டு. ரம்பம் பலகையைக் கடந்து, புது மேசையில் மெல்லிய கீறு ஒன்றைப் பதித்துவிட்டுப் போனது. வெட்டின முனையில், செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். இடையில் ஒரு மயிரிழை ஒளிகூட நுழையவில்லை. தனியாக நின்று சத்தமாகச் சிரித்தாள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

காலையில் மேசையில் இன்னொரு கீறு இருந்தது.

அவள் போட்ட கீறுக்குப் பக்கத்தில், இடது பக்கமாக, சரியாக ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி. செங்கோணம் பிசகாமல், சுத்தமாக. மரத்தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை. பிளக் தரையில் கிடந்தது.

யோசித்துப் பாருங்கள். தூண் நகராமல் ரம்பம் அந்த இடத்தில் வெட்ட முடியாது. தூணில் நான்கு போல்ட். அவள் ஸ்பேனர் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

மைரன்தான் இரவில் புகுந்து விளையாடுகிறான் என்று திட்டிக்கொண்டே கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டாள். மறுநாள் இன்னொரு கீறு. இன்னும் ஒரு கட்டைவிரல் இடது பக்கம். அடுத்த நாள் இன்னொன்று... அது சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. கடைக்குள் அந்தத் தைல நெடி கெட்டியாக நின்றது.

எல்லாக் கீறும் ஒரே பக்கம் போகிறதே, எங்கே போகிறது என்று அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள். தடுப்புக் கட்டையின் அந்தக் கறுத்த வெட்டு. அதற்கும் கடைசிக் கீறுக்கும் நடுவில் மிச்சம்... ஒரு கட்டைவிரல்.

பலகையைப் பிடிக்கும்போது அவளுடைய இடது கை தானாகப் போய் உட்கார்கிற இடம் அதுதான்.

பெரியம்மாவுக்கு ஃபோன் போட்டாள்.

"தடுப்புக் கட்டைய மாத்துனியா?" எடுத்ததுமே பெரியம்மா கேட்டது அதுதான்.

"இல்ல... நல்ல மேப்பிள்..."

மறுபக்கம் ஒரு நாற்காலி இழுபட்டது.

"பெரியம்மா, உங்க விரல்..."

"அந்தப் பக்கம் வந்து பிடின்னாரு உங்க பெரியப்பா. பிடிச்சேன். அசையாம பிடின்னாரு." பெரியம்மாவின் குரல் தாழ்ந்தது. "நான் அசையலடி, மார்லிஸ். சத்தியமா அசையல."

ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

மார்லிஸ் தடுப்புக் கட்டையைக் கழற்றப் போனாள். அவள் கையாலேயே இறுக்கிய திருகு, திரும்பவில்லை. சுத்தியலால் தட்டினாள். கட்டை அதிரக்கூட இல்லை. அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்து ஒயரைப் பிளக்கோடு சேர்த்து நறுக்கினாள். பிளக்கைத் தன் குளிர்க்கோட்டுப் பையில் போட்டாள். உன்னை இரும்புக்குத்தான் போடப் போகிறேன் என்று அதனிடமே சொன்னாள். அலமாரியை உளியால் செதுக்கியாவது முடிப்பது என்று தீர்மானம்.

அந்த நேரத்தில்தான் வெளியே வண்டிக் கதவு சாத்துகிற சத்தம். வெளிச்சம் இன்னும் போகவில்லை. பனி தூவ ஆரம்பித்திருந்தது.

மைரன் ஒரு பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

"ரம்பத்த வெட்டிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போக வந்திருக்கேன். நூலக வேலையும் இனி என்னுது. நேத்தே போய்ப் பேசிட்டேன்."

"யார்கிட்ட பேசின? என்ன பேசின?"

"உள்ளதத்தான். அந்தப் பொண்ணு விரலப் பறிகொடுக்கும், கேஸு ஊரு மேல வரும்னேன். அவங்களும் யோசிச்சாங்க. வாசிலோட மகன் செய்றான்னா நல்லதுதான்னாங்க." மேசையைப் பார்த்தான். வரிசையாகக் கீறுகள். வாய்விட்டுச் சிரித்தான். "பாத்தியா? கோணிடுச்சா இல்லியா? எங்கப்பா சும்மா சொல்லல."

"இத நான் வெட்டல."

"பின்ன பேயா வெட்டுச்சு? தள்ளு, காலேஜு. எப்பிடிப் பிடிக்கணும்னு பாத்துட்டாவது போ."

பலகையை மேசையில் வைத்தான். தடுப்புக் கட்டையோடு சேர்த்து அழுத்தினான். இடது கட்டைவிரல் போய்ப் பதிந்தது... கறுத்த வெட்டின் மேலேயே. மேலே மூடி மறைத்த மாதிரி.

மார்லிஸ் சொல்லத்தான் செய்தாள். அதை நான் மறைக்க மாட்டேன். "மைரன், அங்க கை வைக்காத."

"எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

"உங்கம்மாவுக்கு விரல் எந்த இடத்துல போச்சுன்னு தெரியுமா உனக்கு?"

அவன் முகத்தில் ஓர் அதிர்ச்சியும் இல்லை. தெரியாதவன் முகமாக அது இல்லை.

"தெரியாம என்ன. நான் பக்கத்துலதான நின்னேன்." தோளைக் குலுக்கினான். "அசைஞ்சிருப்பா. பொம்பளைங்களுக்கு ஒரு நிமிஷம் அசையாம நிக்கத் தெரியாது."

கடைக்குள் அந்த நெடி ஏறியது. அவன் மூக்கில் அது படவில்லை போல. இரும்புக் கையின் உள்ளே எங்கோ ஓர் உருளை நகர்ந்தது... க்ர்ர்.

மார்லிஸ் குளிர்க்கோட்டை எடுத்து மாட்டினாள். பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டாள். பெரியம்மாவின் ஏப்ரன் பையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளாம். பின்னால் எந்தச் சத்தம் கேட்டாலும் திரும்புவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். கடைசிப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள்.

வாசலில் நின்று அவனைப் பார்த்தாள்.

"அசையாம பிடி," என்றாள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பனியில் வண்டியை நோக்கி நடந்தாள். பாதி வழியில்... பின்னால் அந்த மோட்டார். முதலில் ஒரு முனகல். பிறகு ஏறி ஏறி, முழுச் சுற்று. பிறகு மரத்தில் பல் ஏறுகிற சத்தம்... அது இழுக்கிற சத்தம் இல்லை, தானாக வருகிற சத்தம்.

அவள் நடை நிற்கவில்லை. குளிருக்குக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டாள்.

உள்ளே கிடந்த பிளக்... கொதித்துக்கொண்டிருந்தது.