நேசன் பங்கருக்குள் வரவில்லை

வினிபிரட்: ...எனக்கு வடிவா ஞாபகமில்லை. நேற்றுப் பொம்பர் சத்தம் முதல் கேட்டதோ, நான் நேசனைக் கூப்பிட்டது முதலோ... எல்லாம் குழம்பிக் கிடக்கு.

கிளரன்ஸ்: நீர் கூப்பிட்டனீர். எனக்குக் கேட்டது.

வினிபிரட்: பங்கருக்குள்ளை இருந்த உங்களுக்கே கேட்டிருக்கு. மாமரத்துக்குக் கீழை இருந்த பிள்ளைக்குக் கேக்கேல்லையே?

கிளரன்ஸ்: கேமிலை கட்டை அடுக்கிக்கொண்டு இருந்திருப்பான்.

வினிபிரட்: சிரிக்காதேங்கோ. தலைக்கு மேலை பொம்பர் சுத்துது. இவன் அந்த வீடியோ கேமை அமுக்கிக்கொண்டு... நான் ஓடிப்போய்க் கையிலை பிடிச்சு இழுக்க, என்ன சொன்னவன் தெரியுமே?

கிளரன்ஸ்: "பொறுங்கோ அம்மா, இது முடியட்டும்."

வினிபிரட்: உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

கிளரன்ஸ்: சாப்பிடக் கூப்பிட்டாலும் உதுதானே சொல்லுறவன். படிக்கச் சொன்னாலும் உதுதான்.

வினிபிரட்: சோதினை வருது. மேசையிலை புத்தகம், மடியிலை கேம். சேர்ச்சிலை ஜெபத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறான், பெருவிரல் ரெண்டும் ஆடுது!

கிளரன்ஸ்: பிள்ளையிலை ஆவி இறங்கீட்டுது எண்டு போதகருக்குச் சந்தோசமாம்.

வினிபிரட்: பகிடியோ உங்களுக்கு? நித்திரையிலையும் ஆடுதப்பா. போர்வையை அமுக்கி அமுக்கி... கூப்பிட்டா முகத்தைப் பாக்கிறான், ஆனா என்னைப் பாக்கேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. கனடாவிலை இருந்து அனுப்ப உங்கடை தங்கச்சிக்கு வேறை சாமானே கிடைக்கேல்லை?

கிளரன்ஸ்: இஞ்சை பற்றரிக்கு அரசாங்கம் தடை போட்டிருக்கு எண்டு அவளுக்கு எங்கை தெரியும்? உள்ளுக்குக் கிடந்த பற்றரி செத்தா கேமும் சரி எண்டுதான் நானும் நினைச்சன்.

வினிபிரட்: அதைத்தான் கேக்கிறன். இன்னும் சாகேல்லையே! ஒரு கடையிலையும் பென்ரோச் பற்றரி இல்லை. இவனுக்கு எங்காலை வருது?

கிளரன்ஸ்: வெயிலிலை காயவைக்கிறான் போலை. மதிலிலை கிடந்ததைக் கண்டனான்.

வினிபிரட்: காயவைச்ச பற்றரி கொஞ்ச நேரம் ஓடும். நாள் முழுக்க ஓடுமே? களவெடுக்கிறானோ...

கிளரன்ஸ்: சீ! அவன் களவெடுக்கமாட்டான்.

வினிபிரட்: நல்ல உறுதியாச் சொல்லுறீங்கள். இஞ்சாருங்கோ. ஏன் உங்கடை சின்ன ரேடியோ இப்ப பாடுறேல்லை?

கிளரன்ஸ்: பழுது.

வினிபிரட்: பழுதோ? செய்தி கேக்காட்டிச் சோறு இறங்காத மனுசன்...

கிளரன்ஸ்: அதின்ரை பற்றரியைக் கழட்டி அவனுக்குக் குடுத்திட்டன்.

வினிபிரட்: நீங்களோ!

கிளரன்ஸ்: அது முடிய, சாவகச்சேரியிலை யாவாரி பஞ்சலிங்கத்திட்டைச் சொல்லி ஒரு சோடி எடுத்தன். கிளாலிக் கடலாலை ஒளிச்சுக் கொண்டு வந்தது.

வினிபிரட்: அறிவிருக்கே உங்களுக்கு? பெத்த பிள்ளையை நீங்களே...

கிளரன்ஸ்: பேசும், நல்லாப் பேசும். போன மாசம் பள்ளிக்கூடத்துக்கு இயக்கப் பெடியள் சண்டைக்கு ஆள் சேர்க்க வந்து கூட்டம் வைச்சவங்கள். வகுப்பு முழுக்க ஆவெண்டு கேட்டுக்கொண்டு இருந்ததாம். இவன் பின்வாங்கிலை இருந்து கட்டை அடுக்கியிருக்கிறான். ஒரு சொல்லும் காதிலை விழேல்லையாம். வந்து சொல்லேக்கை... எனக்குச் சிரிக்கிறதோ அழுறதோ எண்டு தெரியேல்லை, வினி.

வினிபிரட்: அந்தக் காதுக்குத்தான் நேற்றுப் பொம்பரும் கேக்கேல்லை.

கிளரன்ஸ்: ஓம். சரி. பறிச்சுக் கிணத்துக்குள்ளை போடுவம். நீர் ஒரு சொல்லுச் சொல்லும், இப்பவே போடுறன்.

வினிபிரட்: ...பொறுங்கோ.

கிளரன்ஸ்: என்ன?

வினிபிரட்: பஞ்சலிங்கம் தந்தது இன்னும் ஓடுதோ?

கிளரன்ஸ்: அதுதான் எனக்கும் விளங்கேல்லை. அது எப்பவோ முடிஞ்சிருக்கவேணும். ஆனா இண்டைக்கும் ஓடுது...

வினிபிரட்: நான் குடுத்தனான்.

கிளரன்ஸ்: நீரோ?

வினிபிரட்: கமலாவதி ரீச்சரிட்டை என்ரை கைமணிக்கூட்டைக் குடுத்துப் பற்றரி மாத்தினனான். நான் குடுத்ததும் இவ்வளவு நாளைக்கு ஓடாதே எண்டுதான் உங்களைக் கேட்டது.

கிளரன்ஸ்: பிறகேன் இவ்வளவு நேரமும் என்னைப் பேசினீர்?

வினிபிரட்: ஆரையாவது பேசவேணும்போலை கிடந்தது. நேற்று அவனை இழுத்துக்கொண்டு ஓடேக்கை, கிணத்துக்குள்ளைதான் போடோணும் எண்டு நினைச்சன். விடிய எழும்ப... யாகோப்பண்ணையின்ரை மூத்தவன் இயக்கத்துக்குப் போயிட்டான். ஞானாம்பிகையின்ரை இரட்டையள் ரெண்டுபேரும் போயிட்டினம். இராசமலரின்ரை பெடியன் போய், படமாத்தான் வீட்டுக்கு வந்தவன். எங்கடை பிள்ளை உந்தக் கேமோடை வீட்டிலை இருக்கிறான்.