தூங்குகிற கரடி

கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கு எதிரே கம்பெனி யூனிஃபார்மில் ஒரு அப்பா. பக்கத்தில், மையால் வரைந்த முயல் மீசையோடு அவர் மகள்.

“இனிமே உன்கூட எந்த நாடக ஆடிஷனுக்கும் வரமாட்டேன், நைனா.”

“நான் இன்னாம்மா பண்ணேன்?”

“மேடைல நான் முயல் பாட்டு பாடிக்கினு இருக்கேன், நீ கீழ குந்திக்கினு கொறட்ட உடுற!”

“நைட் ஷிப்ட்டும்மா. அசந்துட்டேன்.”

“டைரக்டர் மேடம் என் பாட்ட நிறுத்திட்டு உன் கொறட்டயக் கேட்டாங்க. தூங்குற கரடிக்குப் பெரிய ஆளாத் தேடுனாங்களாம். உன்ன எடுத்துட்டாங்க. எனுக்கு மரம்!”

“கரடி அந்த மரத்துக்குக் கீழதாம்மா தூங்கும்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் அவள் பக்கம் குனிந்தார்.

“அன்னிக்கு மேடைல தூக்கம் வரலன்னா? பயமா கீதும்மா.”

“மரத்துக்கும் ஒரு பாட்டு கீது. நான் பாடுனாதான் உனுக்கு வந்துடுமே.”

பாடியும் காட்டினாள். இரண்டாவது வரியிலேயே பெட்டி அதிரக் குறட்டை கிளம்பியது. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா அவர் தோளைத் தட்டப் போனார்.

“எழுப்பாதீங்க ஆன்ட்டி, ரிகர்சல் நடக்குது.”